கம்பஸ் காசை செப்டெம்பரிலேயே கேளுங்கள்

பதினான்கு வருடம் கனடாவில், ஒன்ராறியோ மாகாணத்தின் ஸ்காபரோவில் இருந்து, மகனையும் மகளையும் பொறியியல் படிக்க வைத்துவிட்டு, இப்போது மட்டக்களப்பு கல்லடியில் வந்து இருக்கிறேன். ஆனாலும் தொலைபேசி ஓயவில்லை. போன மாதம் களுவாஞ்சிக்குடியில் இருந்து ஒன்ராறியோவுக்குப் போன ஒரு தங்கச்சி கேட்டார்: "அண்ணா, மகன் பன்னிரண்டாம் வகுப்பில சேர்ந்திட்டான். இஞ்சினியரிங் கம்பஸுக்கு இவ்வளவு காசாமே, நாங்க எங்க போறது?" கல்முனை, அக்கரைப்பற்று, வாழைச்சேனை என்று ஊர் மாறும், கேள்வி மாறாது. அதனால் கனடாவில் பொறியியல் படிக்கப் புலமைப்பரிசில் எடுப்பது பற்றி எனக்குத் தெரிந்ததை எழுதிவைக்கிறேன்.

முதலில் ஒரு சொல்லைப் பற்றி. நமக்குக் கல்லூரி என்றால் புனித மிக்கேல் கல்லூரி, மெதடிஸ்த மத்திய கல்லூரி போன்ற பள்ளிக்கூடம். கனடாவில் காலேஜ் என்றால் செனெக்கா, சென்ரெனியல் மாதிரி, பெரும்பாலும் டிப்ளோமா படிக்கும் இடம். அதுவும் நல்ல படிப்புத்தான், வேலைக்கும் வழி உண்டு. ஆனால் பிள்ளை உரிமம் பெற்ற பொறியியலாளராக வர ஆசைப்பட்டால், நேரான வழி யூனிவர்சிட்டிப் பட்டம்தான். அந்தப் பாதை உயர்நிலைப் பள்ளியிலேயே பிரிந்துவிடுகிறது. பதினோராம், பன்னிரண்டாம் வகுப்புப் பாடக் குறியீடுகளின் கடைசி எழுத்தைப் பாருங்கள். 'யூ' என்றால் யூனிவர்சிட்டிக்கு, 'சி' என்றால் காலேஜுக்கு. ஆங்கிலம் கொஞ்சம் தடுமாறுகிறது என்று புதிதாக வந்த பிள்ளையை 'சி' வகுப்பில் போட்டுவிட்டால் பொறியியல் கதவு பாதி மூடிவிடும். பன்னிரண்டாம் வகுப்பில் ஆங்கிலம், பௌதிகம், இரசாயனம், இரண்டு கணிதப் பாடங்கள் எல்லாம் 'யூ' ஆக இருக்க வேண்டும். ஊரில் இணைந்த கணிதம் தொட்டுவிட்டுப் போன பிள்ளைக்கு அந்தக் கணிதம் பெரிய பாரம் இல்லை. ஆங்கிலத்துக்குத்தான் முதல் நாளிலிருந்தே உழைக்க வேண்டும்.

அடுத்தது புள்ளிகள். நாம் ஒரே பரீட்சையில் தலைவிதி எழுதப்படும் நாட்டில் இருந்து போனவர்கள். ஏ.எல். எழுதி, இசட் புள்ளி பார்த்து, மாவட்டக் கோட்டாவில் பேராதனையோ ஒலுவிலோ கிடைத்துவிட்டால் படிப்புக் கட்டணம் இல்லை. வசதி குறைந்த பிள்ளைக்கு மகாபொல உதவித்தொகையும் வரும். ஒன்ராறியோவில் பாடப் புள்ளியில் 70 சதவீதம் தவணை முழுக்கச் செய்யும் வேலைக்கு, 30 சதவீதம்தான் கடைசி மதிப்பீட்டுக்கு. "கடைசி மூன்று மாதம் விழுந்து படிச்சாப் போதும்" என்ற நம் பழக்கம் அங்கே எடுபடாது. ஒக்டோபரில் கொடுக்காமல் விட்ட ஒரு ஒப்படை, புலமைப்பரிசில் சராசரியில் இருந்து கழிந்துவிடும்.

சரி, காசு. ரொறன்ரோ யூனிவர்சிட்டியில் பொறியியலுக்கு உள்ளூர் மாணவருக்கே ஆண்டுக்கு 14,000 டொலருக்கு மேல் கட்டணம். வெளிநாட்டு மாணவராகப் போனால் அதைவிடப் பல மடங்கு. இதைக் குறைக்கும் புலமைப்பரிசில்களில் மூன்று வகை உண்டு, அந்த வித்தியாசம் தெரியாமல்தான் நம் சனம் ஏமாறுகிறது. ஒன்று, விண்ணப்பமே வேண்டாம். நுழைவுச் சராசரியைப் பார்த்துத் தானாக வரும். வாட்டர்லூ, கார்ல்டன் போன்ற இடங்களில் இது உண்டு. தொகை பெரும்பாலும் சில ஆயிரம் டொலர்தான். இரண்டாவது, தனியாக விண்ணப்பம் நிரப்ப வேண்டியது. யூனிவர்சிட்டி அனுமதிக்கு விண்ணப்பித்ததோடு வேலை முடிந்தது என்று பலர் இருந்துவிடுகிறார்கள். அனுமதி விண்ணப்பம் வேறு, பரிசில் விண்ணப்பம் வேறு. இரண்டுக்கும் முடிவு நாளும் வேறு.

மூன்றாவதுதான் பெரிய காசு. அது பள்ளிக்கூடத்தின் கையில் இருக்கிறது. ஷூலிக் லீடர் புலமைப்பரிசில் பொறியியல் மாணவருக்கு 120,000 டொலர் தருகிறது. குடியுரிமையோ நிரந்தர வதிவிடமோ இருக்க வேண்டும், பள்ளிக்கூடம் பெயர் கொடுக்க வேண்டும், ஒரு பள்ளியில் இருந்து ஒருவர்தான். என் மகனுக்கு 95க்கு மேல் சராசரி. கணிதத்தில் அவனை மிஞ்ச அந்தப் பள்ளியில் ஆள் இல்லை. பெப்ரவரியில் யாரோ சொல்லி, நானும் மனைவியும் ஓடிப்போய்க் கேட்டோம். பெயர் போய் வாரக்கணக்காகிவிட்டது என்றார்கள். எங்களுக்கு யாரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அன்று பஸ்ஸில் திரும்பி வரும்போது மனைவி ஒரு வார்த்தை பேசவில்லை. ஊரில் நல்ல பிள்ளையை அதிபரே கூப்பிட்டுச் சொல்வார் என்று பழகியிருந்தோம். அங்கே கேட்பவருக்குத்தான் பதில்.

மகளின் முறை வந்தபோது செப்டெம்பர் முதல் வாரத்திலேயே மேற்படிப்புக்கு வழிகாட்டும் பள்ளியின் கைடன்ஸ் கவுன்சிலரைப் போய்ப் பார்த்தோம். "இந்த வருடம் பள்ளி பெயர் கொடுக்கும் புலமைப்பரிசில்கள் எவை, எப்போது, எப்படித் தெரிவு செய்வீர்கள்?" இவ்வளவுதான் கேட்டோம். ஆங்கிலம் வராவிட்டால் பிள்ளையையே பேச விடுங்கள், நீங்கள் பக்கத்தில் இருந்தால் போதும். மகள் பெயர் போனது. பெரியது கிடைக்கவில்லை. ஆனால் அதற்காக எழுதிய கட்டுரையையும் ஆசிரியர் கடிதங்களையும் வைத்தே வேறு இரண்டு பரிசில்கள் எடுத்தாள். லோரன் என்ற இன்னொரு பெரிய பரிசிலுக்கு விண்ணப்பம் ஒக்டோபரிலேயே முடிந்துவிடும். யூனிவர்சிட்டி விண்ணப்பமோ ஜனவரி நடுப்பகுதி வரை இருக்கும். அதை நம்பி இருந்தால் இதைத் தவறவிடுவீர்கள்.

பெரிய பரிசில்கள் புள்ளியை மட்டும் பார்ப்பதில்லை. பிள்ளை கோயில் திருவிழாவில் தண்ணீர்ப் பந்தலில் நின்றது, தமிழ் வகுப்பில் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தது, தம்பியைப் பார்த்துக்கொண்டே கடையில் வேலை செய்தது, எல்லாம் எழுதத் தகுந்தவை. நம் பிள்ளைகள் இவற்றை வெட்கப்பட்டு மறைக்கிறார்கள். எழுதச் சொல்லுங்கள்.

எந்த யூனிவர்சிட்டி என்று முடிவெடுக்கும்போது முதல் வருடத் தொகையை மட்டும் பார்க்காதீர்கள். அது நாலு வருடமும் வருமா, வருவதென்றால் எந்தச் சராசரியை வைத்திருக்க வேண்டும் என்று கேளுங்கள். பொறியியல் முதல் வருடத்தில் கெட்டிக்காரப் பிள்ளைக்கும் புள்ளி இறங்கும். அப்புறம் கோ-ஒப். வாட்டர்லூவில் பொறியியல் மாணவர் எல்லோருமே படிப்புக்கு இடையிடையே நான்கு மாதம் சம்பளத்துக்கு வேலை செய்கிறார்கள். என் மகனின் பரிசில் சிறியது. கட்டணத்தில் பெரும் பகுதியைக் கட்டியது அந்தச் சம்பளம்தான். மீதிக்கு ஓசாப் என்ற ஒன்ராறியோ மாணவர் உதவித் திட்டம் இருக்கிறது. நிரந்தர வதிவிடம் உள்ளவர்களும் பாதுகாப்பு வழங்கப்பட்ட அகதிகளும் விண்ணப்பிக்கலாம். அதில் எது மானியம், எது திருப்பிக் கட்ட வேண்டிய கடன் என்று பிரித்துப் பாருங்கள். பரிசில் எடுத்துத் தருகிறேன் என்று காசு கேட்பவரிடம் போகவே வேண்டாம். இந்த விண்ணப்பங்களைப் பிள்ளையே நிரப்பலாம்.

இங்கே மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் இருக்கும் உங்கள் அக்கா, அண்ணன் பிள்ளைகளுக்கும் ஒன்று சொல்லிவிடுங்கள். ரொறன்ரோ யூனிவர்சிட்டியின் பியர்சன் புலமைப்பரிசில் வெளிநாட்டு மாணவர்களுக்கே உரியது. நாலு வருடக் கட்டணம், புத்தகம், விடுதி எல்லாம் அதில் அடக்கம். அதற்கும் பள்ளிக்கூடம்தான் பெயர் கொடுக்க வேண்டும். பள்ளி முடித்து வருடம் கடந்தால் தகுதி போய்விடும், ஆகவே ஏ.எல். இரண்டாம் வருடத்திலேயே அதிபரிடம் பேச வேண்டும். அதிபருக்கு இது புதிதாக இருந்தால் விபரத்தை அச்செடுத்துக் கொண்டுபோய்க் கொடுக்கச் சொல்லுங்கள்.