டெண்டர்ல ரேட் தப்பா போட்டுட்டு அப்புறம் முழிக்கிறது: புதுசா வர்றவங்க தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் ராத்திரி பத்தரை மணிக்கு ஒரு தம்பி போன் பண்ணார். டெண்டர் போட ஆரம்பிச்சு ஆறு மாசம்தான் ஆகுது. "அண்ணே, இன்னைக்கு ஃபைனான்ஷியல் பிட் (விலைப்புள்ளி) ஓப்பன் பண்ணிட்டாங்க, நான்தான் எல்1 (எல்லாரையும்விட கம்மி விலை), ஆனா ஒரு ஐட்டத்துல ரேட் தப்பா போட்டிருக்கேன், லெட்டர் குடுத்தா திருத்திக்குவாங்களாண்ணே"ன்னு கேட்டார். 2019ல நானும் ஒரு பெரியவர்கிட்ட இதே கேள்விய இதே மாதிரி ராத்திரி நேரத்துல கேட்டிருக்கேன், அதான் உக்காந்து எழுதுறேன். டிஎஸ்சி (டிஜிட்டல் கையெழுத்து) காலாவதி ஆகறது, பிஓக்யூ (ஐட்டம், அளவு, ரேட் போடற ஷீட்) ஃபைல் பேர மாத்தி அப்லோட் பண்றது இதெல்லாம் ஒரு தடவ பட்டா தானா வந்துடும், விட்டுடறேன்.

யூனிட் கட்டத்த பாக்காம ரேட் போடறது

இதுதான் இன்னிக்கும் எனக்கு வயித்தெரிச்சல். ஒரு நகராட்சிக்கு பைப், ஃபிட்டிங்ஸ் சப்ளை, மொத்தம் 11 ஐட்டம். அதுல 110 எம்எம் பிவிசி பைப் 420. டீலர் எனக்கு வாட்ஸப்ல ரேட் அனுப்பினது மீட்டர் கணக்குல, நான் என் லாபத்த சேத்து 235ன்னு அடிச்சுட்டேன். பிஓக்யூல அந்த 420க்கு பக்கத்துல இருந்த யூனிட் மீட்டர் இல்ல, எண்ணிக்கை. அதாவது 6 மீட்டர் லென்த் ஒண்ணுக்கு ரேட். 1,410 போட்டிருக்கணும். ஒரு லென்த்துக்கு 1,175 ரூபா கம்மி, 420 லென்த்துக்கு 4,93,500 ரூபா. மத்த பத்து ஐட்டமும் சரியா இருந்ததால மொத்தம் 38 லட்சத்துக்கு பதிலா 33 லட்சம்னு வந்துச்சு, பாத்தா தப்பு மாதிரியே தெரியல, நல்லா டைட்டா போட்டிருக்கோம்னு நினைச்சுட்டேன்.

இங்கதான் எல்லாரும் ஒண்ண தப்பா புரிஞ்சு வச்சிருக்காங்க. ரேட்டுக்கும் மொத்தத்துக்கும் ஒத்து வரலன்னா யூனிட் ரேட்தான் செல்லும், எண்ணுக்கும் எழுத்துக்கும் ஒத்து வரலன்னா எழுத்துதான் செல்லும்னு பெரும்பாலும் டெண்டர் கண்டிஷன்லயே இருக்கும், அத நம்பி "தப்பு இருந்தா அவங்களே சரி பண்ணிடுவாங்க"ன்னு இருந்துடறாங்க. அந்த விதி சரி பண்றது பெருக்கல் கூட்டல மட்டும்தான். நீங்க போட்ட ரேட்ட அது தொடவே தொடாது. இப்ப ஆன்லைன் பிஓக்யூல பெருக்கலையும் ஷீட்டே போட்டுக்குது, எழுத்துலயும் அதுவே எழுதிக்குது, அதனால 235ங்கிற என் தப்பு எண்ணுலயும் எழுத்துலயும் மொத்தத்துலயும் ஒரே மாதிரி கச்சிதமா உக்காந்துடுச்சு. எதோட ஒப்பிட்டு அத தப்புன்னு சொல்றது?

கோர்ட்டுக்கு போலாம்னு சொல்றவங்களுக்கு ஒண்ணு சொல்லிடறேன். மேற்கு வங்கத்துல ஒரு டோல் வசூல் டெண்டர்ல ஒரு பார்ட்டி 1095 நாளுக்கு மொத்தமா போட வேண்டிய தொகைக்கு பதிலா ஒரு நாள் தொகை 9,72,999 ரூபாய போட்டுட்டாங்க. ஓப்பன் ஆனப்புறம் அத 1095ஆல பெருக்கி 106,54,33,905ன்னு எடுத்துக்கோங்கன்னு கேட்டாங்க. ஹைகோர்ட் ஒத்துக்கிச்சு, ஆனா 2025 செப்டம்பர்ல சுப்ரீம் கோர்ட், திறந்த பிட்ட திருத்த முடியாதுன்னு அத ரத்து பண்ணிடுச்சு. இதுவும் யூனிட் தப்புதான் பாருங்க. 2001லயே புருலியா நீர்மின் திட்ட டெண்டர் கேஸ்ல, கம்ப்யூட்டரால வந்த தப்புன்னு சொல்லியும் திருத்த விடல.

என் கதை என்னாச்சுன்னா, லெட்டர் குடுத்தேன், முடியாதுன்னுட்டாங்க, பிளாக்லிஸ்ட் ஆயிடுவோம்னு பயந்து வீட்டு நகைய வச்சு முழு சப்ளையும் பண்ணி முடிச்சேன்.

இப்ப நான் என்ன பண்றேன்னா பிஓக்யூவ பிரிண்ட் எடுத்து என் வீட்டம்மாகிட்ட குடுத்துடுவேன். அவங்க யூனிட்ட மட்டும் சத்தமா படிப்பாங்க, நான் என் ரேட்டோட யூனிட்ட திருப்பி சொல்லுவேன். இன்னொண்ணு, மதிப்பீட்டுத் தொகை போடலன்னா இஎம்டிய (டெண்டரோட கட்டற வைப்புத் தொகை, பின்வாங்கினா போயிடும்) வச்சு பின்னாடி கணக்கு போடுங்க. இஎம்டி 1 சதவீதம், 38,000 ரூபான்னா வேலை 38 லட்சம், உங்க மொத்தம் 33ல நிக்குதுன்னா சந்தோசப்படாதீங்க, ஒவ்வொரு லைனா திரும்பப் பாருங்க.

க்ளோசிங்குக்கு முன்னாடி தப்பு தெரிஞ்சா வித்ட்ரா குடுக்கறது

தமிழ்நாடு டெண்டர் போர்ட்டல்ல க்ளோசிங் டைம் வரைக்கும் எத்தன தடவ வேணா ரீசப்மிட் பண்ணலாம், அதாவது திருத்தி திரும்ப போடலாம். வித்ட்ரா (பிட்ட வாபஸ் வாங்கறது) குடுத்தீங்கன்னா அந்த டெண்டர்ல திரும்ப நுழையவே முடியாது. பதட்டத்துல அந்த பட்டன அமுக்கிடாதீங்க.

ஜிஎஸ்டி

பிஓக்யூ தலைப்புல ஜிஎஸ்டி சேத்தா சேக்காமயான்னு எழுதியிருப்பாங்க, டெண்டருக்கு டெண்டர் மாறும். ஜெம் போர்ட்டல்ல (மத்திய அரசோட கொள்முதல் போர்ட்டல்) எல்லாம் சேத்த விலைதான். இதவிட ஆபத்து பழைய எக்செல் ஷீட்ட காப்பி பண்றது. அரசு கட்டுமான வேலைகளுக்கு 12 சதவீதமா இருந்தது 2022 ஜூலை 18லருந்து 18 ஆயிடுச்சு, அதுக்கப்புறமும் 12 வச்சே கணக்கு போட்டு 6 சதவீதத்த கைல இருந்து கட்டினவங்க எனக்குத் தெரிஞ்சே ரெண்டு பேர். கட்டுமான வேலைன்னா 1 சதவீத தொழிலாளர் நல செஸ்ஸையும் ரேட்டுக்குள்ள சேருங்க. பில்லுல பிடிக்கிற 2 சதவீத ஜிஎஸ்டி டிடிஎஸ் (முன்கூட்டியே பிடிக்கிற வரி) வேற விசயம், அது ஜிஎஸ்டி போர்ட்டல்ல உங்க லெட்ஜருக்கு வந்துடும், செலவு இல்ல.

கரிஜெண்டம்

கரிஜெண்டம்னா டெண்டருக்கு வர்ற திருத்த அறிவிப்பு. க்ளோசிங் அன்னிக்கு காலைல ஒரு தடவ பாருங்க. புது பிஓக்யூ போட்டிருந்தா பழசு செல்லாது.

ஆபிஸ்ல ஆள் பாத்து சரி பண்ணலாம்னு நினைக்கிறது

வேணாம். அவர் வேலையும் போகும்.

ஓப்பன் ஆனப்புறம் யோசிக்காம லெட்டர் எழுதறது

தம்பிகிட்ட நான் சொன்னது இதான். விலைய ஏத்துங்கன்னு எழுதாதீங்க, எல்1கிட்ட பேச்சுவார்த்தைன்னா கொறைக்கறதுக்கு மட்டும்தான். மொதல்ல ரெண்டு நஷ்டத்தையும் பேப்பர்ல எழுதுங்க, வேலைய செஞ்சா எவ்வளவு போகும், பின்வாங்கினா எவ்வளவு போகும்னு. நான் அன்னிக்கு இத பண்ணியிருந்தா ஒரு பக்கம் 4,93,500, இன்னொரு பக்கம் இஎம்டி 38,000ன்னு தெரிஞ்சிருக்கும். ஆனா டெண்டர் கண்டிஷன்ல தடை பத்தி என்ன எழுதியிருக்குன்னு படிக்காம பின்வாங்காதீங்க. முக்கியமா உத்யம் சர்டிபிகேட் (சிறு, குறு தொழில் பதிவு) காட்டி இஎம்டி விலக்கு வாங்கினவங்க, பணம் ஒண்ணும் போகாதுன்னு நினைக்காதீங்க, அதுக்கு பதிலா ஒரு உறுதிமொழி கையெழுத்து போட்டிருப்பீங்க, பின்வாங்கினா குறிப்பிட்ட காலத்துக்கு டெண்டரே போட முடியாம போயிடும். விலை அளவுக்கு மீறி கம்மியா இருந்தா ரேட் அனாலிசிஸ் (இந்த ரேட் எப்படி வந்துச்சுங்கற கணக்கு) கேட்டு லெட்டர் வரலாம், மத்திய அரசு கொள்முதல் கையேட்டுல அதுக்கு வழி இருக்கு, கணக்கு நிக்கலன்னா அவங்களே பிட்ட தள்ளுபடி பண்ணலாம். அப்படி கேட்டா டீலர் கொட்டேஷனோட உள்ளத உள்ளபடி காட்டுங்க, பொய்க் கணக்கு எழுதி 235ஐ நியாயப்படுத்தாதீங்க.

தம்பிக்கு வேலைய செஞ்சா போறது 62,000 ரூபா, பின்வாங்கினா இஎம்டி 45,000, கூடவே ரெண்டு வருசத் தடைன்னு கண்டிஷன் இருந்துச்சு. வேலைய செய்யறதுன்னு முடிவு பண்ணிட்டார், நேத்து அக்ரிமெண்ட் போட்டாச்சு.