"நேற்று வரை நன்றாகத்தான் இருந்தது": வீட்டுக் கோழி திடீரென்று சாகும்போது நாம் செய்யும் தவறுகள்

கேரள-தமிழ்நாடு எல்லையில் உள்ள கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே, நிலக்கடலை விதைப்பு நடந்துகொண்டிருந்த ஒரு வாரத்தில் எங்கள் கோழிகள் செத்தன. காலையில் கொடாப்பைத் தூக்கித் திறந்துவிட்டது பதினோரு உருப்படி. பொழுது சாய்வதற்குள் ஆறு போய்விட்டன. அத்தை பார்த்த மாத்திரத்தில் "கழிச்சல் வந்துவிட்டது" என்றார். வீட்டில் மிச்சமிருந்த காய்ச்சல் மாத்திரையைப் பொடித்துத் தண்ணீரில் கரைத்து வைத்தேன். செத்தவற்றைத் தென்னைக்கு அடியில் புதைத்தோம். மறுநாள் காலை, மீதி ஐந்தையும் வழக்கம்போல மேய விட்டேன். மதியத்துக்குள் மேலும் இரண்டு விழுந்தன.

அப்போதுதான் ஒன்றைப் பையில் போட்டு மிருகாஸ்பத்திரிக்கு எடுத்துப்போனேன். மருத்துவர் கொண்டையையோ எச்சத்தையோ முதலில் பார்க்கவில்லை. கழுத்தின் அடியில், நெஞ்சுக்கு மேலே உள்ள தீனிப்பையை விரலால் அழுத்தினார். "நிறைய இருக்கிறது. சீக்குக் கோழி இவ்வளவு தின்றிருக்காது" என்றார். பிறகு கையுறை போட்டுக்கொண்டு அறுத்துக் காட்டினார். பாதி ஊறிய கடலைப் பருப்புகள் உள்ளே இருந்தன. அத்தனையும் ரோஸ் நிறம். பக்கத்துக் காட்டில் புழுவுக்கும் எறும்புக்கும் பயந்து பூச்சிமருந்தும் சாயமும் கலந்து விதைத்த பருப்பு அது. வரப்போரம் சிந்தியதை எங்கள் கோழிகள் பொறுக்கியிருக்கின்றன.

முதல் நாளே ஒரு கோழியின் தீனிப்பையைத் தொட்டுப் பார்த்திருந்தால் பின்னால் செத்த இரண்டும் பிழைத்திருக்கும். நோய்க்குப் பெயர் தெரிந்துவிட்டது என்ற நினைப்பில் நான் எதையும் பார்க்கவில்லை. இந்தக் கட்டுரையில் சொல்லவிருக்கும் எல்லாத் தவறுகளுக்கும் வேர் அதுதான்.

'திடீர்' என்பதை அப்படியே நம்புவது

கோழி செத்த வீட்டில் முதலில் காதில் விழும் வார்த்தை, "நேற்று வரை நன்றாகத்தான் இருந்தது" என்பது. சொல்பவர் பொய் சொல்லவில்லை. கோழி தன் சீக்கை மறைக்கும் உயிர். துவண்டு நிற்பதைக் காட்டிக்கொண்டால் பருந்துக்கும் கீரிக்கும் இரையாகும். கூட்டத்தில் மற்ற கோழிகளும் கொத்தும். அதனால் முடிந்தவரை நிமிர்ந்து நிற்கும், தீனி தட்டினால் ஓடிவரும், கொத்துவதுபோலப் பாவனையும் செய்யும். விழுகிற நாளில்தான் நம் கண்ணில் படும்.

உண்மையிலேயே திடீர்ச் சாவுதானா என்று செத்த கோழியின் உடம்பே சொல்லும், கத்தி வேண்டாம். நெஞ்செலும்பைத் தடவிப் பாருங்கள். இரண்டு பக்கமும் சதை திரண்டு எலும்பு கைக்குத் தட்டுப்படாமல் இருந்தால், அது நல்ல உடம்போடு செத்த கோழி. எலும்பு கத்தி விளிம்புபோல விரலில் உறைத்தால், வாரக்கணக்கில் உள்ளுக்குள் கரைந்துகொண்டிருந்திருக்கிறது: குடற்புழு, ஈரல் கோளாறு, நாள்பட்ட வேறு நோய் ஏதாவது. அடுத்தது தீனிப்பை. நிறைந்திருந்தால் தின்ற கொஞ்ச நேரத்தில் போயிருக்கிறது. நஞ்சு, வெயில், பாம்பு, இதயம் என்று யோசிக்க வேண்டும். வெறுமையாக இருந்தால் பல மணி நேரமாகவே தின்னவில்லை.

அடைக்கோழி செத்தால் கொண்டையும் வாயின் உட்புறமும் வெளுத்திருக்கின்றனவா என்று பாருங்கள். வெளுத்திருந்தால், அன்றிரவு விளக்கோடு போய் அடைக்கூடையின் இடுக்கிலும் சுவர் வெடிப்பிலும் ஒரு வெள்ளைத் துணியை வைத்துத் தேய்த்துப் பாருங்கள். துணியில் இரத்தக் கோடு விழுந்தால், பகலில் ஒளிந்திருந்து இரவில் குடிக்கும் உண்ணிகள் அங்கே இருக்கின்றன. இருபத்தொரு நாள் எழாமல் உட்கார்ந்திருக்கும் பெட்டை அவற்றுக்கு நல்ல வேட்டை.

செத்த பின் தெரியும் நிறத்தை அடையாளமாகக் கொள்வதும் தவறு. சாய்ந்து கிடந்த பக்கத்தில் இரத்தம் இறங்கித் தோல் கறுக்கும், கொண்டையும் நீலம் பாயும், வயிறு பச்சையாகும். நம் ஊர் வெயிலில் இதற்குச் சில மணி நேரமே போதும். உயிரோடு இருந்தபோது கொண்டை எப்படி இருந்தது என்பதுதான் கணக்கு.

வெள்ளையாகக் கழிந்தால் கழிச்சல் என்பது

நல்ல கோழியின் எச்சத்திலும் வெள்ளை உண்டு. அது கோழியின் சிறுநீர் உப்பு. இரண்டு நாள் தின்னாத எந்தக் கோழியும் பச்சையும் வெள்ளையுமாகத்தான் போகும். எனவே அந்த நிறம் "தின்னவில்லை" என்பதைத்தான் சொல்கிறது. ஏன் தின்னவில்லை என்பது வேறு கேள்வி.

உண்மையான வெள்ளைக்கழிச்சலை, அதாவது இராணிக்கெட் நோயை, அது பரவும் விதத்தில்தான் அடையாளம் காண வேண்டும். இன்று ஒன்று, நாளை மூன்று, நாலாம் நாள் பத்து என்று ஏறும். மூச்சுத் திணறி வாயைத் திறக்கும், இறக்கை தொங்கும், பிழைத்தவற்றில் சில கழுத்து முறுக்கிக்கொண்டு வானத்தைப் பார்க்கும். உங்கள் வீட்டோடு நிற்காமல் தெருவில் எல்லா வீட்டிலும் விழும். எங்கள் வீட்டில் நடந்ததோ ஒரே பகலில் ஆறு, அதுவும் எங்கள் வீட்டில் மட்டும். அந்த வேறுபாட்டைக் கவனித்திருந்தாலே போதும், கழிச்சல் என்று சொல்லியிருக்க மாட்டோம்.

எல்லையில் வாழும் நமக்கு இன்னொரு குழப்பமும் உண்டு. இராணிக்கெட்டை மலையாளத்தில் 'கோழி வசந்த' என்கிறார்கள். அம்மைக்கு 'கோழி வசூரி' என்று பெயர். எங்கள் தெரு அக்கா ஒருவர், 'வசந்த'வுக்குத் தடுப்பூசி போடுகிறார்கள் என்ற அறிவிப்பைக் கேட்டு, அம்மைக்கு என்று நினைத்துக்கொண்டு, "மஞ்சளும் வேப்பிலையும் போதும்" என்று போகாமல் இருந்துவிட்டார். அடுத்த கோடையில் அவர் வீட்டுக் கூரைமேல் ஒரு கோழிகூட இல்லை. எந்த மொழியில் சொன்னாலும் அடையாளத்தைச் சொல்லிக் கேளுங்கள்: கழுத்து முறுக்கும் நோய்க்கா, கொண்டையில் கொப்புளம் வரும் நோய்க்கா என்று.

கழுத்து என்றதும் ஒரு எச்சரிக்கை. முறுக்கிய கழுத்து வேறு, துவண்ட கழுத்து வேறு. செத்த எலியோ கோழியோ புழுத்துக் கிடக்க, அந்தப் புழுக்களைத் தின்ற கோழிக்கு நஞ்சேறி முதலில் கால் விழும், பிறகு இறக்கை, கடைசியில் கழுத்து ஈரத்துணிபோலத் தரையில் கிடக்கும். இறகைப் பிடித்தால் கையோடு வரும். இதற்குக் காரணம் பாட்டுலிசம் என்கிற நஞ்சு. செத்த கோழியை வேலிக்கு அப்பாலோ வாய்க்காலிலோ வீசுகிறோமே, அதிலிருந்தே அடுத்த சாவு இப்படித் தொடங்கலாம்.

தீனியைச் சந்தேகிக்காமல் இருப்பது

1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் மடிந்தன. காரணம் பிடிபடாமல் 'வான்கோழி எக்ஸ் நோய்' என்று பெயர் வைத்தார்கள். கடைசியில் அது தொற்றே அல்ல என்று தெரிந்தது. பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கில் பூத்த பூஞ்சையின் நஞ்சுதான் காரணம். அஃப்லடாக்சின் என்ற பெயர் பிறந்தது அப்படித்தான். கடலை விளைகிற, செக்கு ஓடுகிற நம் பக்கத்தில் இதை ஒவ்வொரு வீட்டிலும் தெரிந்திருக்க வேண்டும். மழையில் நனைந்த சாக்கு, கட்டிதட்டிய புண்ணாக்கு, முக்கு வாடை வீசும் சோளம் ஆகியவற்றை "மாட்டுக்கு ஆகாது, கோழிக்குப் போடலாம்" என்று கொட்டுவது வழக்கமாகிவிட்டது. மாட்டைவிடக் கோழிக்கு இந்த நஞ்சு சீக்கிரம் ஏறும். குஞ்சுகளையும் வாத்துகளையும் இன்னும் விரைவாகக் கொல்லும்.

குருணை மருந்து போட்ட வாழை, எலிக்கு வைத்த சோறு, மருந்தடித்த காட்டில் செத்து விழுந்த பூச்சி என எல்லாமே கோழிக்குத் தீனிதான். ஆகவே ஒரே நாளில் பல கோழிகள் விழுந்தால், மருந்து தேடுவதற்கு முன் மீதியை அடைத்துவையுங்கள். புதுத் தண்ணீர், புதுத் தீனி கொடுங்கள். பிறகு அக்கம்பக்கத்தில் யார் என்ன விதைத்தார்கள், என்ன தெளித்தார்கள் என்று கேளுங்கள். சண்டைக்குப் போகிற குரலில் கேட்காதீர்கள், உண்மை வராது.

வெயிலும் இப்படித்தான் ஏமாற்றும். பாலக்காட்டுக் கணவாயில் ஏப்ரல் மாதம் நாற்பது பாகையைத் தொடும் நாட்கள் உண்டு. கோழிக்கு வியர்க்காது, வாயைத் திறந்து மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியேற்றும். தகரக் கூரைக்கு அடியில் மதியம் இரண்டு மணிக்கு மேல், அதுவும் கொழுத்த பெட்டைகள் மட்டும் சாகின்றன என்றால் நோயைத் தேடாதீர்கள், நிழலைத் தேடுங்கள்.

மாத்திரையைக் கரைத்து வைப்பது

நான் செய்தது இதைத்தான், ஆகவே அழுத்தமாகவே சொல்கிறேன். கடையில் "கோழி தூங்கி விழுகிறது" என்று சொன்னால் ஒரு பொட்டலம் கிடைக்கும். பெரும்பாலும் அது பாக்டீரியாவைக் கொல்லும் டெட்ராசைக்ளினோ என்ரோஃப்ளாக்சசினோ. இராணிக்கெட்டும் பறவைக் காய்ச்சலும் வைரஸ் நோய்கள். அம்மருந்துகள் அவற்றைத் தொடுவதில்லை. நஞ்சையும் வெயிலையும் தொடுவதில்லை. கேட்கக்கூடிய நோயாகவே இருந்தாலும், அரைகுறை அளவில் கொடுத்த பின் எடுக்கும் மாதிரியில் கிருமி வளராமல் போகலாம். ஆய்வகத்தாலும் பெயர் சொல்ல முடியாது. அந்த மருந்து முட்டையிலும் இறங்கும், அதை நம் குழந்தைகள்தான் தின்பார்கள். குஞ்சுகள் இரத்தமாகக் கழிந்தால் அது பெரும்பாலும் இரத்தக்கழிச்சல். அதற்கு மருந்து உண்டு, ஆனால் அது வேறு மருந்து. கொழுத்த கோழி கொண்டை கறுத்துக் குப்புற விழுந்து செத்தால் அது கோழிக் காலராவாக இருக்கலாம். அதற்கும் மருத்துவர் பார்த்துத்தான் தர வேண்டும்.

சீக்கு விழுந்த பிறகு தடுப்பூசிக்கு ஓடுவதும் பலன் தராது. உடம்புக்குள் ஏற்கெனவே நோய் புகுந்த கோழியை ஊசி காப்பாற்றாது. ஒரே ஊசியால் குத்திக்கொண்டே போனால் நாமே பரப்புவோம். ஏழாம் நாள் சொட்டு மருந்து, எட்டாம் வாரம் இறக்கையில் ஊசி என்பது பொதுவான முறை, அதுவும் நலமாக இருக்கும்போது. பொள்ளாச்சியில் வாங்கிய மருந்தைச் சட்டைப்பையில் வைத்து மதிய பஸ்ஸில் கொண்டுவந்தால் அது வெறும் தண்ணீர். 2 முதல் 8 பாகைக் குளிர் உடையாமல், பனிக்கட்டிக் குடுவையில்தான் வர வேண்டும்.

மறைப்பது, விற்பது, தின்பது

நான்கு கோழி செத்ததும் மீதியைச் சந்தைக்குக் கொண்டுபோகும் வழக்கம் இரண்டு பக்கமும் இருக்கிறது. பணமுடை புரிகிறது. ஆனால் அந்தக் கூடையோடு நோயும் பஸ் ஏறுகிறது. வாங்குகிறவருக்கும் சொல்கிறேன்: சந்தைக் கோழியை மூன்று வாரமாவது தனியே கட்டிவையுங்கள், அதன் தண்ணீர்ச் சட்டியைக்கூடச் சேர்க்காதீர்கள்.

கேரளத்தில் 2014, 2016, 2021, 2024 ஆகிய ஆண்டுகளில் ஆலப்புழை வட்டாரத்தில் பறவைக் காய்ச்சல் உறுதியானது. அத்தகைய சமயங்களில் வாளையார், வேலந்தாவளம், கோபாலபுரம் சோதனைச் சாவடிகளில் வண்டிச் சக்கரங்களுக்கு மருந்தடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பயத்தில்தான் பலர் வாயைத் திறப்பதில்லை; சொன்னால் எல்லாவற்றையும் கொன்றுவிடுவார்கள் என்று நினைக்கிறார்கள். பறவைக் காய்ச்சலையும் இராணிக்கெட்டையும் கண்ணால் பார்த்துப் பிரித்தறிய முடியாது. போபாலில் உள்ள உயர் பாதுகாப்பு விலங்கு நோய் ஆய்வு நிறுவனம் உறுதி செய்த பிறகே ஒரு கிலோமீட்டர் சுற்றளவில் பறவைகளை அழிப்பார்கள். ஒரு வீட்டில் இரண்டு கோழி செத்ததற்காக யாரும் கத்தியோடு வருவதில்லை. ஆனால் காகமும் வாத்தும் சேர்ந்து மடிந்தால், முகம் வீங்கிக் கால் தோலில் இரத்தத் திட்டு தெரிந்தால், தொடாதீர்கள், அறுக்காதீர்கள், குழந்தைகளை அண்ட விடாதீர்கள். அன்றே சொல்லிவிடுங்கள். சாகக் கிடந்த கோழியை அவசரமாக அறுத்துக் குழம்பு வைப்பதை விட்டுவிடுங்கள். அறுத்து, இறகு பிடுங்கி, குடலை எடுக்கும் கைக்குத்தான் ஆபத்து அதிகம். அந்தக் கை பெரும்பாலும் வீட்டுப் பெண்களுடையது.

எடுத்துப்போகும் விதம்

கடைசியாக ஒரு தவறு: புதைத்துவிட்டு மருத்துவரைத் தேடுவது, அல்லது மறுநாள் நாறிய பிறகு கொண்டுபோவது. பறவைக் காய்ச்சல் சந்தேகம் இல்லாவிட்டால், கையில் பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு, வாயையும் மூக்கையும் துணியால் கட்டிக்கொண்டு, செத்த கோழியைச் சோப்புத் தண்ணீரில் நனைத்து இறகைப் படிய வையுங்கள். இரண்டு பைகளில் போட்டு இறுக்கிக் கட்டுங்கள். பனிக்கட்டியோடு வையுங்கள், உறைய விட வேண்டாம், உறைந்தால் சதையும் ஈரலும் சிதைந்து எதையும் படிக்க முடியாது. அன்றே கொண்டுபோங்கள். இரண்டு மாநிலத்திலும் 1962 என்ற எண்ணை அழைத்தால் கால்நடை மருத்துவ உதவி கேட்கலாம்.

மருத்துவர் கேட்கும் கேள்விகள் இவையாகத்தான் இருக்கும்: மொத்தம் எத்தனை, என்று எத்தனை செத்தது, குஞ்சா பெட்டையா, கடைசியாக என்ன தின்றது, புதிதாக ஏதாவது கோழி வந்ததா, தடுப்பூசி எப்போது. காலண்டர் தாளின் பின்புறம் இதைக் குறித்து எடுத்துப்போனால் போதும். நான் அன்று போனபோது எத்தனை மணிக்கு எது செத்தது என்றுகூட எனக்குச் சொல்லத் தெரியவில்லை.