மீன்காரியிடம் பேசும் பேரத்தை நகைக்கடையில் பேசுங்கள்

நாகர்கோவில் வடசேரிச் சந்தையில் காய்கறி கிலோவுக்கு 5 ரூபாய் குறைவு என்று தக்கலையிலிருந்து பைக்கை எடுத்துக்கொண்டு போகிறவர்கள் உண்டு. போய்வர 30 கிலோமீட்டர். நல்ல மைலேஜ் தரும் வண்டிக்கே அரை லிட்டருக்கு மேல் பெட்ரோல் ஆகும், அது 60 ரூபாய். நாலு கிலோ காயில் மிச்சம் 20 ரூபாய். அதே ஆள் ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு ஓட்டலில் சாப்பிட்டுவிட்டு, 2,000 ரூபாய் பில்லை ஒரு வரிகூட வாசிக்காமல் கொடுத்துவிட்டு வருவார். பெண்கள் நாங்கள் மட்டும் என்ன? 2021லிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் எங்களுக்குக் கட்டணம் இல்லை. அந்த பஸ்ஸுக்காக முக்கால் மணி நேரம் வெயிலில் நிற்போம். வரும்போது பை கனம், கால் வலி, ஆட்டோவுக்கு 200 ரூபாய்.

இதைக் கஞ்சத்தனம் என்று சொல்லவும் முடியாது, ஊதாரித்தனம் என்று சொல்லவும் முடியாது. இரண்டும் ஒரே ஆளிடம்தான் இருக்கிறது. நான் மார்த்தாண்டம் பக்கம் ஒரு அண்டி ஆபீஸில், அதாவது முந்திரி ஆலையில், கணக்கு எழுதுகிறவள். சம்பளம் வாங்குகிறவர்களின் கடன், சீட்டு, பணயம் என்கிற நகை அடகு எல்லாம் பேச்சோடு பேச்சாகக் காதில் விழும். அதை வைத்துச் சொல்கிறேன்: உங்கள் சிக்கனம் போதுமானது, அதைக் கூட்ட வேண்டாம். அது தப்பான இடத்தில் உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான். எழுப்பி வேறு இடத்தில் உட்கார வைப்பது எப்படி என்பதற்குத்தான் இந்தக் குறிப்பு.

முதலில், எல்லாச் செலவையும் எழுதாதீர்கள். வரவு செலவு நோட்டு வாங்கி முதல் வாரம் கொத்தமல்லி வரைக்கும் எழுதிவிட்டு, மூன்றாம் வாரம் அதில் பிள்ளைகள் படம் வரைவதைத்தான் எல்லார் வீட்டிலும் பார்த்திருக்கிறேன். இரண்டே வகை போதும். ஒன்று, நீங்கள் பேரம் பேசிக் குறைத்த தொகை. இன்னொன்று, 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்து, ஒரு கேள்விகூடக் கேட்காத தொகை. நாள்காட்டியில் கிழிக்கிற தாளின் பின்பக்கம் இதற்குப் போதும். எங்கள் வீட்டில் அந்தத் தாள்களை ஒரு ஆணியில் குத்தி வைக்கிறோம். மாசக் கடைசியில் எடுத்துப் பார்த்தால் முதல் வகைத் தாள் ஏராளமாக இருக்கும், தொகை கொஞ்சமாக இருக்கும். இரண்டாம் வகையில் நாலைந்து தாள்தான் இருக்கும். மாசச் சம்பளம் போன வழி அந்த நாலைந்தில் தெரியும்.

அடுத்தது பெருக்கல். வாரத்தில் 4 நாள் மீன் வாங்கும் வீடு என்று வையுங்கள். ஒவ்வொரு முறையும் பேரம் பேசி 20 ரூபாய் குறைக்கிறீர்கள். வாரத்துக்கு 80, வருடத்துக்கு 4,160. வருடம் முழுக்க வாசலில் நின்று வாய் வலிக்கப் பேசியதன் மொத்தப் பலன் அது. சின்னத் தொகை இல்லைதான். ஆனால் அந்தத் தொகையை அளவுகோலாக வைத்துக்கொண்டு மற்றதைப் பாருங்கள்.

5 பவுன் நகை வாங்குகிறீர்கள். 40 கிராம். கடையில் சேதாரம் 14 சதவீதம் என்கிறார்கள். அது 5.6 கிராம். நீங்கள் வாயைத் திறந்து, அது 12 சதவீதமாகக் குறைந்தால் 4.8 கிராம். வித்தியாசம் 0.8 கிராம். கணக்குக்காக கிராம் 10,000 ரூபாய் என்று வைத்தால் 8,000. அதன் மேல் போடும் 3 சதவீத ஜிஎஸ்டியும் சேர்ந்து குறைவதால் 8,240. ஏறக்குறைய இரண்டு வருட மீன் பேரம் ஒரே ஒரு கேள்வியில் முடிந்துபோகிறது! ஆனால் நகைக்கடையில் நாம் கேட்கமாட்டோம். ஏசி, மெத்தை போட்ட நாற்காலி, உட்கார்ந்ததும் கையில் ஒரு ஜூஸ். ஜூஸைக் குடித்தவுடன் வாய் அடைத்துவிடும். மீன்காரி வெயிலில் நிற்கிறார், அவரிடம் மட்டும் நமக்குச் சட்டம் தெரியும்.

ஆகவே நகைக்கடைக்குப் போகும்போது கேட்க வேண்டியதை வீட்டிலேயே எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். சேதாரம் எத்தனை சதவீதம், செய்கூலி தனியா, அதில் சேர்ந்ததா? கல் வைத்த நகை என்றால், கல்லின் எடையைக் கழித்துத்தான் தங்கத்துக்கு விலை போட்டிருக்கிறார்களா? பழைய நகையைக் கொடுத்தால் எவ்வளவு கழிப்பார்கள்? ஹால்மார்க் முத்திரையோடு, எழுத்தும் எண்ணும் கலந்து ஆறு இடம் உள்ள எச்யூஐடி என்ற அடையாளக் குறி இருக்கிறதா? இவ்வளவுதான். அன்றைய தங்க விலை ஊரில் ஏறக்குறைய எல்லாக் கடையிலும் ஒன்றாகவே இருக்கும், வித்தியாசம் சேதாரத்தில்தான். அதனால் ஒரே நாளில் இரண்டு கடை ஏறி இறங்குங்கள். முதல் கடையில் சொன்ன சதவீதத்தை இரண்டாவது கடையில் சொல்லுங்கள். கூச்சமாக இருந்தால் வீட்டில் இருக்கும் வயதான ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். எங்கள் மாமியார் மாதிரி ஒருவர் இருந்தால் நல்லது. "எப்பா, தங்கம் தேயுமா? பிறகு என்ன சேதாரம்?" என்று அவர் சத்தமாகக் கேட்டதும் மேனேஜரே எழுந்து வந்துவிட்டார்.

ஏன் நமக்கு இப்படி ஆகிறது என்பதற்கு, மகள் கல்லூரியில் படித்ததாக ஒன்று சொன்னாள். 1981ல் அமோஸ் ட்வெர்ஸ்கி, டேனியல் கானமன் என்ற இரண்டு உளவியல் அறிஞர்கள் ஒரு கேள்வி கேட்டுப் பார்த்தார்களாம். 15 டாலர் கால்குலேட்டர், 20 நிமிடம் வண்டி ஓட்டிப் போனால் வேறு கடையில் 5 டாலர் குறைவு, போவீர்களா? 68 சதவீதம் பேர் போவோம் என்றார்கள். அதே 5 டாலர் 125 டாலர் கால்குலேட்டரில் குறையும் என்றபோது, போவோம் என்றவர்கள் 29 சதவீதம்தான். மிச்சமாவது அதே 5 டாலர்தான். மொத்தத்தில் அது எத்தனை பங்கு என்றுதான் மனசு பார்க்கிறது. சாளை மீனுக்கு 100 ரூபாயில் 20 குறைத்தால் வெற்றி பெற்ற மாதிரி இருக்கும். 4 லட்சத்தில் 8,000 தூசி மாதிரித் தெரியும். நம் ஊரில் இதைக் கடுகு போன இடம் ஆராய்வார், பூசணிக்காய் போன இடம் தெரியாது என்று எப்போதோ சொல்லிவிட்டார்கள். மகளிடம் சொன்னேன், அதற்கு டாலர் தேவையில்லை என்று.

மீன் விஷயத்தில் இன்னொன்றும் உண்டு. எங்கள் தெருவுக்கு வருகிற அம்மா கடியப்பட்டினத்துக்காரர். நான் அவரிடம் விலை குறைத்துக் கேட்பதை விட்டுவிட்டேன். மனசில் ஒரு விலை வைத்திருப்பேன், அதற்குள் இருந்தால் வாங்குவேன், இல்லாவிட்டால் "இன்னைக்கு வேண்டாம்மா" என்று சொல்லிவிடுவேன். கொஞ்ச நாள் போனதும் என்ன நடந்தது தெரியுமா? வாசலில் நின்று கூடையைத் திறக்காமலே, "மக்களே, இன்னைக்கு அயலை எடுக்காதே, ஐஸ் மீனு. நாளைக்கு நெத்திலி கொண்டுவாறேன்" என்று அவரே சொல்ல ஆரம்பித்தார். பக்கத்து வீட்டில் அதே அயலையை 30 ரூபாய் குறைத்து வாங்கி, சட்டியில் போட்டதும் நாற்றம் தாங்காமல் கொட்டினார்கள். தெரிந்த ஆளிடம் கசக்கிப் பிழிந்தால் பணம் கொஞ்சம் மிச்சமாகும், வருகிற தகவல் நின்றுபோகும். மீன்பிடித் தடைக்காலத்தில் இந்தப் பழக்கம் இன்னும் உதவும். சின்னமுட்டம் பக்கம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகு போகாது. அந்த மாதங்களில் விலை எகிறும், பேரமும் பலிக்காது. மரச்சீனிக் கிழங்கும் கருவாடும் வைத்துச் சமாளியுங்கள். அந்த நாட்களில் 500 ரூபாய் கொடுத்து மீன் வாங்கிவிட்டு அடுத்த நாள் கறிவேப்பிலைக்குச் சண்டை போடுவதில் எனக்கு உடன்பாடில்லை.

கரண்ட் விஷயத்தைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். மாமியார் ஒவ்வொரு அறையாகப் போய் லைட்டை அணைப்பார். 9 வாட் எல்இடி பல்பு தினம் 5 மணி நேரம் வீணாக எரிந்தால்கூட, இரண்டு மாதத்தில் 2.7 யூனிட்தான். ஏசி மணிக்கு 1 யூனிட் என்று குறைத்து வைத்தாலும், இரவு 8 மணி நேரம், 60 நாளுக்கு 480 யூனிட். வீட்டுக் கணக்கில் 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால், 200 யூனிட் வரைக்கும் கிடைக்கிற மலிவு விலையும் போய்விடும். அதனால் பல்புக்குப் பின்னால் ஓடாமல், ஏசிக்கு விடியற்காலையில் டைமர் வையுங்கள். ஒரு மணி நேரம் குறைந்தால் 60 யூனிட். பல்பையும் அணையுங்கள், அது நல்ல பழக்கம்தான். அதற்காகப் பிள்ளைகளைத் திட்ட வேண்டாம்.

மிச்சம் பிடிக்கவே கூடாத இடங்களும் இருக்கின்றன. நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்குத் தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு பருவமழையும் உண்டு. ஜூனிலிருந்து டிசம்பர் வரை குடை கையிலேயே இருக்கும். அப்படியிருந்தும் நாம் வாங்குவது 150 ரூபாய் குடை. ஒரு காற்றுக்குக் கவிழ்ந்துவிடும், அடுத்த மாதம் இன்னொன்று. மொட்டை மாடி விரிசல் இன்னும் மோசம். மே மாதம் சில ஆயிரத்தில் அடைக்க வேண்டியதை அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டு, முன்பக்கம் கிரானைட் ஒட்டுவார்கள். வெளிநாட்டில் சம்பாதித்து அனுப்பும் பணத்தில் வீடு கட்டும்போது இது அதிகம் நடக்கிறது. தேக்குக் கதவு இருக்கும், உள்ளே போனால் வயரிங் மலிவு. கடலோரம் வீடு என்றால் ஜன்னல் கம்பிக்குப் பெயின்ட் அடிப்பதைத் தள்ளிப்போடாதீர்கள், உப்புக் காற்று காத்திருக்காது.

இனி ஆடம்பரம். அதை மொத்தமாக நிறுத்தச் சொல்கிறவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள், அது வெடித்து வேறு பக்கம் வரும். வீட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு பொருள், அதற்கு மட்டும் யாரும் கணக்குக் கேட்கக் கூடாது. எனக்கு மட்டிப்பழம். 2023ல் புவிசார் குறியீடு கிடைத்த பழம், எங்கள் ஊர் மண்ணில் விளைவது, பாளையங்கோடன் வாழைப்பழத்தைவிட விலை கூடுதல். நான் விலை கேட்கமாட்டேன், சீப்பு நன்றாக இருந்தால் வாங்கிவிடுவேன். வீட்டுக்காரருக்குச் சாயங்காலம் சாயாவும் பழபஜ்ஜியும். ஒரு நாளைக்கு 30 ரூபாய் என்றால் 300 நாளுக்கு 9,000. பெருக்கிக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தார், "சரி, மட்டிப்பழம் எவ்வளவு?" என்றார். அத்தோடு இருவரும் அந்தப் பேச்சை விட்டுவிட்டோம். அந்த 9,000 தெரிந்து செய்யும் செலவு, இருக்கட்டும். கல்யாணச் சுருளுக்கு, அதாவது மொய்க்கு, மட்டும் இந்தச் சலுகை கொடுக்காதீர்கள். ஆவணியிலும் தையிலும் வரிசையாக அழைப்பு வரும். மண்டபத்தில் பக்கத்து ஆள் என்ன வைக்கிறார் என்று பார்த்துத் தொகையைக் கூட்டாமல், வீட்டிலேயே கவரில் போட்டு ஒட்டிக்கொண்டு போங்கள்.

கடைசியாக, எல்லாவற்றிலும் பெரிய பூசணிக்காய். நகைப் பணயம். எங்கள் ஆபீஸில் பலருக்கு வட்டி எவ்வளவு என்றே தெரியாது, "நூற்றுக்கு ஒன்றரை" என்பார்கள். அது மாத வட்டி. ஒரு லட்சத்துக்கு மாதம் 1,500, வருடத்துக்கு 18,000. வங்கியில் வருடத்துக்கு 9 சதவீதத்துக்குக் கிடைத்தால் 9,000தான். மிச்சம் 9,000, அதாவது நாளொன்றுக்கு 25 ரூபாய். மீன்காரியிடம் குறைக்கிற அதே அளவுத் தொகை, ஞாயிறும் விடுமுறையும் சேர்த்து, நீங்கள் தூங்கும்போதும் போய்க்கொண்டிருக்கிறது.

பணயச் சீட்டை எடுத்து, வட்டி மாதத்துக்கா வருடத்துக்கா என்று பாருங்கள். தவணை தாண்டினால் கூடுதல் வட்டி எவ்வளவு, இடையில் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்ட விடுவார்களா என்றும் கேளுங்கள். பிறகு பக்கத்திலுள்ள தொடக்க வேளாண்மைக் கூட்டுறவு சங்கத்திலும் ஒரு வங்கியிலும் அதே கேள்வியைக் கேளுங்கள். மாற்றுவதற்கு முழுப் பணம் கையில் வேண்டுமே என்பதுதான் எல்லாரும் சொல்கிற தடை. மொத்தமாக மாற்ற வேண்டாம். தனித்தனிச் சீட்டாக வைத்திருந்தால், இருப்பதிலேயே சின்னதை, ஒரு மோதிரத்தையோ கம்மலையோ, முதலில் மீட்டு, குறைந்த வட்டிக்கு வையுங்கள். வருகிற பணத்தோடு கைக்காசு கொஞ்சம் சேர்த்து அடுத்த சீட்டை மீட்கலாம். எல்லா நகையும் ஒரே சீட்டில் இருந்தால், அடுத்த முறை புதுப்பிக்கும்போது இரண்டு மூன்று சீட்டாகப் பிரித்துத் தரச் சொல்லுங்கள். போகும்போது ஆதாரும் பாஸ்புக்கும் எடுத்துக்கொள்ளுங்கள், காலையிலேயே போய்விடுங்கள். நகை மதிப்பிடுகிறவர் மத்தியானத்துக்கு மேல் இருப்பார் என்று சொல்ல முடியாது.