பழைய லாரிக்கு ஆயில் கிரேடு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வண்டி கொஞ்சம் பழசாகிவிட்டால் போதும், “இனிமேல் திக்கான ஆயிலாக ஊற்றுங்கள்” என்று யாராவது சொல்லிவிடுவார்கள். நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் நன்றாக ஓடக்கூடிய பழைய இன்ஜின்கள் சீக்கிரம் வீணாவதற்கு இந்த யோசனையும் ஒரு காரணம்.

பேரிங் தேய்ந்து இடைவெளி கூடியிருக்கும், திக்கான ஆயில் அதை அடைத்துக்கொள்ளும் என்பது அவர்கள் கணக்கு. இன்ஜின் சூடான பிறகு அதில் ஓரளவு உண்மை உண்டு. காலையில் முதல் ஸ்டார்ட்டில் என்ன நடக்கிறது? கீழே சம்ப்பில் (இன்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) இறுகிக் கிடக்கும் ஆயிலை பம்ப் இழுத்து, மேலே வால்வுகளைத் திறக்கும் ராக்கர் வரை ஏற்ற வேண்டும். அது வந்து சேரும்வரை மேலே இருக்கும் பாகங்கள் நேற்று ஒட்டிய மெல்லிய படலத்தை நம்பித்தான் ஓடுகின்றன. ஆயில் எவ்வளவு திக்கோ, அந்தக் காத்திருப்பு அவ்வளவு நீளும். அதோடு, ஆயில் கெட்டியாக இருந்தால் ஃபில்டரின் பைபாஸ் வால்வு திறந்துகொண்டு, வடிகட்டாத ஆயிலையே உள்ளே விடும். அந்த நேரத்தில் பிரஷர் மீட்டர் முள் நன்றாக ஏறி நிற்பதைப் பார்த்துத் திருப்திப்பட வேண்டாம். ஆயில் போக முடியாமல் திணறினாலும் முள் ஏறத்தான் செய்யும்.

அடுத்து, கேனில் இருக்கும் கிரேடு எண்ணைத் தவறாகப் படிப்பது. 15டபிள்யூ-40 என்பதில் டபிள்யூ என்றால் குளிர்காலம். முன்னால் உள்ள எண், குளிரில் ஆயில் எப்படி நடந்துகொள்ளும் என்பதைச் சொல்கிறது. பின்னால் உள்ளது சூட்டில். 5டபிள்யூ-40, 15டபிள்யூ-40 இரண்டுமே 100 டிகிரி செல்சியஸில் 12.5 முதல் 16.3 சென்டிஸ்டோக்குக்குள்தான் (ஆயில் எவ்வளவு திக் என்பதை அளக்கும் அலகு) இருக்க வேண்டும். ஆகவே “5 என்றால் தண்ணி மாதிரி, பழைய இன்ஜினுக்கு ஆகாது” என்பது சரியல்ல. வித்தியாசம் குளிரில்தான்: ஸ்டார்ட் செய்யும்போது இன்ஜின் சுழல ஆயில் இடம் கொடுக்கிறதா என்ற சோதனை 15டபிள்யூவுக்கு மைனஸ் 20 டிகிரியில், 5டபிள்யூவுக்கு மைனஸ் 30 டிகிரியில் நடக்கிறது.

கிரேடு எண்ணை மட்டும் பார்த்து வாங்குவதும் ஆபத்து. டீசல் இன்ஜின் ஆயிலுக்கு 2016 கடைசியில் ஏபிஐ (அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனம்) இரண்டு தரங்களைக் கொண்டுவந்தது: சிகே-4, எஃப்ஏ-4. இரண்டுமே 10டபிள்யூ-30 என்று எழுதிய கேனில் வரலாம். ஆனால் எஃப்ஏ-4 கடும் சூட்டிலும் அழுத்தத்திலும் வேண்டுமென்றே மெல்லியதாக இருக்கும்படி செய்யப்பட்டது. அதை ஏற்கும் புதிய இன்ஜின்களுக்கு மட்டுமே உரியது. பழைய டீசல் லாரியில் அதை ஊற்றவே கூடாது. இன்னொரு பக்கம், இப்படி இரண்டு எண் உள்ள ஆயிலையே கேட்காத இன்ஜின்களும் உண்டு. டெட்ராய்ட் டீசலின் பழைய டூ-ஸ்ட்ரோக் இன்ஜின்கள் ஒற்றை கிரேடான (குளிருக்குத் தனி எண் இல்லாத) எஸ்ஏஇ 40 கேட்பவை. அதனால்தான் வண்டியின் கையேட்டை முதலில் புரட்டிப் பாருங்கள் என்கிறேன்.

இருப்பதிலேயே மோசமான தவறு, கோளாறை ஆயிலால் மூடுவது. ஒரு பழைய லாரியில் ஐட்லிங்கில் ஆயில் லைட் மினுக்கியது. திக்கான ஆயில் ஊற்றினார்கள், லைட் அணைந்தது, கொஞ்ச நாளில் மறுபடி மினுக்கியது. டிப்ஸ்டிக்கை உருவிப் பார்த்தபோது அளவு குறையவில்லை, ஏறியிருந்தது! ஒரு சொட்டை விரலில் தேய்த்து முகர்ந்தால் டீசல் வாடை. டீசலை இழுத்துத் தரும் ஃபீட் பம்ப்பின் டயாபிரம் (உள்ளே இருக்கும் சவ்வு) கிழிந்து, டீசல் நேராக சம்ப்புக்குள் போய்க்கொண்டிருந்தது. எந்த கிரேடு ஊற்றியிருந்தாலும் அது கரைந்துதான் போயிருக்கும். நிறத்தை வைத்து முடிவு செய்ய வேண்டாம். டீசல் இன்ஜினில் கரியால் ஆயில் சீக்கிரம் கறுப்பது சகஜம். அளவும் வாடையும்தான் பேசும்.

அதுபோல, ஆயில் குறைந்து நீலப்புகை வந்தால் பிஸ்டன் ரிங்கையும் வால்வு சீலையும் பாருங்கள். பிரஷர் குறைந்தால், முதலில் வேறொரு மீட்டரை மாட்டி அளந்து பாருங்கள். சென்சார் பொய் சொல்வது உண்டு.

இவ்வளவும் பார்த்து, தேய்மானம்தான் காரணம் என்று உறுதியானால் ஒரு படி ஏறலாம், சரி. கையேட்டில் 15டபிள்யூ-40 என்றிருந்து, வண்டி ஓடும் இடத்தில் கடுங்குளிர் இல்லையென்றால் 20டபிள்யூ-50. அதற்கு மேல் போக வேண்டாம். மாற்றுவதற்கு முன் இன்ஜின் நன்றாகச் சூடானதும் ஐட்லிங் பிரஷரையும், காலையில் ஆயில் லைட் அணைய எத்தனை நொடி ஆகிறது என்பதையும் குறித்து வையுங்கள். மாற்றிய பிறகு மறுபடி பாருங்கள். பிரஷர் பெரிதாகக் கூடாமல், லைட் அணையும் நேரம் மட்டும் நீண்டிருந்தால் அடுத்த முறை பழைய கிரேடுக்கே திரும்பிவிடுங்கள்.