இடஞ்சுழி டார்டாரிக் அமிலம் வேண்டுமா? பூஞ்சணத்தைச் சாப்பிட விடுங்கள்

நம் வீட்டுப் புளியில் இருப்பது வலஞ்சுழி டார்டாரிக் அமிலம், அதாவது ஒரே தளத்தில் அதிரும் ஒளியைக் கரைசல் வழியே விட்டால் அந்தத் தளத்தை வலப்பக்கம் திருப்பும் வடிவம். அதன் கண்ணாடி பிம்பமான இடஞ்சுழி வடிவம் இயற்கையில் அபூர்வம். இரண்டும் சரிபாதி கலந்த சுழிமாய்க் கலவை கையில் இருந்தால், பிரெஞ்சு விஞ்ஞானி லூயி பாஸ்டர் 1860 வாக்கில் காட்டிய வழி இன்றும் வேலை செய்யும்: பெனிசிலியம் பூஞ்சணம் வலஞ்சுழியைத் தின்றுவிட்டு இடஞ்சுழியை மிச்சம் வைக்கும்.

லிட்டர் தண்ணீருக்கு 20 கிராம் கலவையைக் கரைத்து, அமிலத்தன்மை பிஹெச் 6 வரும்வரை அம்மோனியா விடுங்கள். நைட்ரஜனுக்கு அதுவே போதும். அப்புறம் பொட்டாசியம் பாஸ்பேட் 1 கிராம், மெக்னீசியம் சல்பேட் அரை கிராம், இரும்பு உப்பு ஒரு சிட்டிகை. சர்க்கரை மட்டும் வேண்டவே வேண்டாம். சுலபமான சோறு கிடைத்தால் டார்டாரிக்கை யார் தொடுவார்கள், போதாததற்குச் சர்க்கரையும் ஒளியைத் திருப்பி அளவீட்டைக் குழப்பும். குடுவை வாயில் பஞ்சு அடைத்து, ஆட்டோகிளேவில் (அழுத்த நீராவியால் கிருமி கொல்லும் கலன்) 121 டிகிரியில் 15 நிமிடம் வைத்து, ஆறியதும் வித்துகளைத் தூவி 25 டிகிரியில் விடுங்கள். ஒப்பிட்டுப் பார்க்க, வித்து தூவாத குடுவை ஒன்றும் பக்கத்திலேயே இருக்கட்டும்.

இனிமேல்தான் கவனம் வேண்டும். இரண்டு நாளைக்கு ஒருமுறை கொஞ்சம் எடுத்து, தெளிவாக வடிகட்டி, ஒளி எவ்வளவு திரும்புகிறது என்று அளக்கும் போலாரிமீட்டரில் பாருங்கள். முதலில் பூஜ்யம், பிறகு மெல்ல இடப்பக்கம் நகரும், அதுவும் ஒரு டிகிரிக்குள்ளேயே, அதனால் 2 டெசிமீட்டர் குழாய் இல்லாமல் இறங்காதீர்கள். பூஞ்சணத்துக்கு இடஞ்சுழி பிடிக்காது என்றில்லை, அதன் நொதிகள் அதை மெதுவாகச் செரிக்கும், அவ்வளவுதான். வலஞ்சுழி தீர்ந்ததும் அதன் மேலும் கை வைக்கும். நான் ஒருமுறை குடுவையை மறந்து ஊருக்குப் போய் வந்தேன். மேலே பச்சைப் போர்வை செழிப்பாக இருந்தது, திருப்பம் பாதியாகக் குறைந்திருந்தது. இடப்பக்கத் திருப்பம் ஏறுவது நின்ற அன்றே நிறுத்துங்கள்.

முகக்கவசம் போட்டு, பூஞ்சணத்தை வடித்தெடுத்து, தூக்கி எறியும் முன் ஆட்டோகிளேவில் கொன்றுவிடுங்கள். வடிநீரில் கால்சியம் குளோரைடு சேர்த்தால் கால்சியம் டார்ட்ரேட் வெள்ளையாகப் படியும்; அதை நீர்த்த கந்தக அமிலத்தில் கலக்கினால் ஜிப்சம் அடியில் தங்கும், அமிலம் கரைசலுக்கு வந்துவிடும். வடிகட்டி, ஆவியாக்கி, படிகமாக்குங்கள். 20 கிராம் போட்டால் 10 கிராமுக்கு மேல் வராது, மீதி பூஞ்சணத்தின் வயிற்றில்.