பழைய ஹாலிவுட் கதம்பப் படங்களைப் பற்றி எழுதுகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

1940களில் ஹாலிவுட்டில் ஒரு வகைப் படம் நிறைய வந்தது. கதை பேருக்குத்தான் இருக்கும், நடுநடுவே பாட்டு, நடனம், துண்டு நகைச்சுவை என்று நட்சத்திரங்கள் வந்து போவார்கள். இதில் கறுப்பினக் கலைஞர்கள் வரும் காட்சிகளைப் பார்த்துவிட்டு, அப்போதே இவ்வளவு இடம் கொடுத்திருக்கிறார்களே என்று பலர் எழுதுகிறார்கள். ஆள் திரையில் தெரிகிறார் என்பதை மட்டும் வைத்துத் தீர்ப்பு சொல்வதுதான் பெரிய தவறு.

கறுப்பினப் பாடகி லீனா ஹார்னையே எடுத்துக்கொள்ளுங்கள். 1942இல் எம்ஜிஎம் ஸ்டுடியோ அவரை ஒப்பந்தம் செய்தது. ஆனால் அங்கே பல படங்களில் தனியாக நின்று ஒரு பாட்டு பாடுவார், அவ்வளவுதான், கதையில் வருகிறவர்களோடு அவருக்குப் பேச்சே இருக்காது. இனவெறி ஓங்கியிருந்த அமெரிக்கத் தென் மாநிலத் தியேட்டர்களில் அந்தப் பாட்டை மட்டும் வெட்டி எறிந்துவிட்டுப் படத்தை ஓட்ட வேண்டும், அதற்குத்தான் அந்த ஏற்பாடு. அந்தத் தெற்கிலுள்ள மெம்பிஸ் நகரத் தணிக்கைக் குழுத் தலைவர் லாயிட் பின்ஃபோர்ட் 1945இல் 'புரூஸ்டர்ஸ் மில்லியன்ஸ்' என்ற நகைச்சுவைப் படத்தையே தடை செய்தார், காரணம் கறுப்பின நடிகர் எடி 'ராச்செஸ்டர்' ஆண்டர்சன் வேலைக்காரராக வந்தாலும் வெள்ளையரோடு சகஜமாகப் பழகுகிறாராம். அதனால் எத்தனை நிமிடம் வந்தார் என்று எண்ணாதீர்கள், அந்தக் காட்சியை எடுத்துவிட்டால் கதைக்கு ஏதாவது ஆகிறதா என்று பாருங்கள்.

அடுத்தது, துணுக்கு வீடியோவை மட்டும் பார்த்துவிட்டு எழுதுவது. 'ஹெல்ஸாபாப்பின்' (1941) படத்தில் கறுப்பினக் கலைஞர்கள் ஆடும் லிண்டி ஹாப் என்ற ஜோடி நடனம் இன்றும் எல்லா இடத்திலும் சுற்றுகிறது, பார்க்கப் பார்க்க மூச்சு முட்டும் வேகம். ஆனால் அவர்கள் போட்டிருக்கும் உடையைக் கவனியுங்கள்: பணிப்பெண், சமையல்காரர், மெக்கானிக். உலகத்தரமான ஆட்டக்காரர்களை வீட்டு வேலைக்காரர்களாகக் காட்டினால்தான் அந்தப் படத்துக்குள் விட்டார்கள். நடனத்தைக் கொண்டாடுங்கள், கட்டாயம் கொண்டாட வேண்டும், உடையையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

'அந்தக் காலம் அப்படி' என்று முடித்துவிடுவதும் தப்பு. அப்போதே எதிர்த்துக் கேட்டவர்கள் இருந்தார்கள். கறுப்பினத்தவர் உரிமைக்காகப் போராடும் என்ஏஏசிபி அமைப்பின் வால்டர் வைட் 1942இல் ஹாலிவுட்டுக்கே போய் ஸ்டுடியோ முதலாளிகளிடம் பேசினார். அதே சமயம், வேலைக்காரி வேடம் போட்டவர்களைக் குறை சொல்லிக் கிளம்பவும் வேண்டாம். 'தேங்க் யுவர் லக்கி ஸ்டார்ஸ்' (1943) படத்தில், வேலைக்காரி வேடங்களுக்கே பெயர் போன கறுப்பின நடிகை ஹாட்டி மெக்டேனியல் பாடி ஆடும் கல்யாணப் பாட்டைப் பாருங்கள், அவரிடம் எவ்வளவு இருந்தது, ஸ்டுடியோக்கள் அதில் எவ்வளவு குறைவாகக் கேட்டன என்பது புரியும்.

லத்தீன் அமெரிக்கா விஷயத்திலும் இதே அலட்சியம்தான். போர்த்துகலில் பிறந்து பிரேசிலில் வளர்ந்த பாடகி கார்மென் மிராண்டாவை, ஸ்பானிய மொழி பேசும் அர்ஜென்டினாவில் நடக்கும் 'டவுன் அர்ஜென்டைன் வே' (1940) கதைக்குள் கொண்டுவந்து போர்த்துகீசியத்தில் பாட வைத்தார்கள். எழுதும்போது நீங்களும் லத்தீன் அமெரிக்க நாட்டவரையெல்லாம் ஒரே கும்பலாக்கிவிடாதீர்கள்.

அப்புறம், எந்தப் பிரதியைப் பார்க்கிறோம் என்பதும் முக்கியம். 'தி பைரேட்' (1948) படத்தில் கறுப்பின நடனக் கலைஞர்களான நிக்கலஸ் சகோதரர்கள் வெள்ளைக்கார நட்சத்திரம் ஜீன் கெல்லியோடு தோளோடு தோள் சேர்ந்து ஆடினார்கள். தெற்கில் சில தியேட்டர்கள் அதையும் வெட்டிவிட்டுத்தான் காட்டின, அங்கே டிக்கெட் வாங்கியவர்களுக்கு அப்படி ஒரு ஆட்டம் இருந்ததே தெரியாது.