துப்பாக்கி இல்லாத வாத்து வேட்டை: தண்டையார்பேட்டையிலிருந்து குடும்பத்தோடு போய்வர

மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு ராத்திரி எட்டு மணி இருக்கும். கனடாவிலிருந்து என் தங்கை மகன் வீடியோ காலில் வந்தான். சஸ்காட்சவன் பக்கம் இருக்கிறான், அங்கே அப்போது காலை. அறுப்பு முடிந்த வயலில் அவனும் அவன் வீட்டுக்காரியும் இரண்டு பிள்ளைகளும் வைக்கோலைப் போர்த்திக்கொண்டு மல்லாந்து படுத்திருந்தார்கள். சுற்றிலும், நிஜ வாத்தை ஏமாற்றி இறக்க வைத்த பொம்மை வாத்துகள். "மாமா, சத்தம் போடாதீங்க, வருது" என்று கிசுகிசுத்தவன் அதோடு போனை வைத்துவிட்டான்.

என் மடியில் உட்கார்ந்திருந்த பேரன் கேட்டான்: "தாத்தா, நாம எப்போ போறோம்?"

நாம் போனால் ஜெயில்தான். அங்கே பெர்மிட் வாங்கி, சீசன் பார்த்து, ஒரு நாளைக்கு இத்தனை என்ற கணக்கோடு சுடுகிறார்கள். ஈயக்குண்டுகூடப் போடக்கூடாது. வாத்து கல்லைப் பொறுக்கித் தின்னும்போது ஈயத்தையும் விழுங்கி விஷமேறிச் செத்ததால் 1999-இல் நிறுத்திவிட்டார்கள். இங்கே 1972-ஆம் வருடத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. சுடுவது மட்டும் இல்லை. காட்டுப் பறவையின் கூட்டைக் கலைத்தாலும் முட்டையைத் தொந்தரவு செய்தாலும் அந்தச் சட்டத்தில் வேட்டைதான். ரோட்டோரத்தில் கொக்கு, உள்ளான் என்று வறுத்து விற்றால் வாங்காதீர்கள், அதுவும் இதில் சேர்த்திதான்.

ஆனால் அந்த வீடியோவை மறுபடி மறுபடி நினைத்துப் பார்த்தபோது எனக்கு ஒன்று தோன்றியது. துப்பாக்கி வருவது கடைசி நிமிஷத்தில். அதற்கு முன்னால் அவர்கள் செய்வதெல்லாம் காற்று பார்ப்பது, வெயில் பார்ப்பது, மறைவது, வாயை மூடிக்கொண்டிருப்பது, ராத்திரியிலேயே எழுந்து கிளம்புவது. இதில் எதற்கும் சட்டத்தில் தடை இல்லை. நம் ஜனங்கள் இதில் ஒன்றையும் செய்யாமல், பதினோரு மணிக்கு ஸ்பீக்கரோடு போய் இறங்கி, "ஒண்ணுமே இல்லப்பா" என்று திரும்பி வருகிறார்கள்.

எங்கே போவது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பழவேற்காடு ஏரிதான். சில்காவுக்கு அடுத்து நாட்டின் இரண்டாவது பெரிய உப்பங்கழி. பெரும்பகுதி ஆந்திராவில் இருக்கிறது, தெற்கு மூலைதான் நம்முடையது. பழவேற்காடு ஊருக்கே போகலாம், டச்சுக்காரர் கல்லறையும் பார்க்கலாம். ஆனால் அங்கே போனால் யாராவது படகில் கூப்பிடுவார்கள். ஏறாதீர்கள். 2011 டிசம்பர் 25 அன்று அங்கே ஒரு படகு கவிழ்ந்து 22 பேர் போனார்கள், எல்லாரும் குடும்பம் குடும்பமாக வந்தவர்கள். அதற்குப் பிறகுதான் சுற்றுலாப் படகுக்குத் தடை வந்தது. தவிர, படகுச் சத்தத்துக்கு வாத்து நிற்கவும் நிற்காது.

நான் போவது சூலூர்பேட்டை. அங்கிருந்து ஸ்ரீஹரிகோட்டாவுக்கு ஏரியின் நடுவே கிழக்கு நோக்கி ரோடு போகிறது. இரண்டு பக்கமும் தண்ணீர், பறவை ரோட்டுக்குப் பக்கத்திலேயே மேயும். வயசானவர்கள் வண்டியை விட்டு இறங்காமலே பார்க்கலாம், எனக்கு மூட்டுவலி, அதனால் சொல்கிறேன். கொருக்குப்பேட்டையில் ஏறினால் சூலூர்பேட்டை வரை போகிற ரயில் உண்டு, ஆனால் விடியலுக்கு முன் ஏரியில் இருக்க வேண்டுமென்றால் வேன்தான். சுமார் 80 கிலோமீட்டர். ஜனவரியில் சூரியன் ஆறரைக்கு எழும், நாங்கள் நாலு மணிக்கு வண்டியை எடுத்துவிடுவோம். ராக்கெட் விடுகிற நாளா என்று முதல் நாளே பார்த்துக்கொள்ளுங்கள்.

மாதம் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை. போகி விடியற்காலையில் கிளம்பாதீர்கள். நம் பக்கம் டயர் கொளுத்துகிற புகையில் எண்ணூர் ஹைரோட்டையே கண்டுபிடிக்க முடியாது, பறவையை எங்கே கண்டுபிடிப்பது. காணும் பொங்கலும் வேண்டாம், ஊரே வெளியில் இருக்கும்.

பைனாகுலர் விஷயத்தில் நான் ஏமாந்தேன், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். முதல் வருடம் ஒரு கடையில் பளபளவென்று ஒன்றைக் காட்டினார்கள். "ஐம்பது மடங்கு பெருசா தெரியும் சார்." வாங்கி வந்துவிட்டேன். ஏரியில் போய்ப் பார்த்தால் ஒவ்வொரு கூழைக்கடாவுக்கும் இரண்டு தலை. இரண்டு குழாயும் ஒரே இடத்தைப் பார்க்கவில்லை. என் மகள் ஐந்து நிமிஷத்தில் தலைவலி என்று கழற்றிவிட்டாள். அப்புறம்தான் விசாரித்தேன். மேலே 8x42 என்று போட்டிருக்கும். 8 என்பது எத்தனை மடங்கு, 42 என்பது முன்பக்கக் கண்ணாடியின் விட்டம், மில்லிமீட்டரில். குடும்பத்துக்கு 8 போதும். பத்துக்கு மேல் போனால் கை நடுக்கமும் சேர்ந்து பெரிசாகும். கடையிலேயே வெளியே வந்து தூரத்து போர்டைப் பாருங்கள், இரண்டு வட்டமும் சேர்ந்து ஒரே வட்டமாகத் தெரிய வேண்டும்.

கண்ணுக்குப் பொருத்துவதை வீட்டு மொட்டை மாடியில் பழகுங்கள். வலது கண்ணை மூடி, இடது கண்ணால் எதிர்வீட்டு தண்ணீர் டேங்கின் எழுத்தைப் பார்த்து நடுச் சக்கரத்தைத் திருப்புங்கள். எழுத்து தெளிந்ததும் இடது கண்ணை மூடி, வலது பக்கம் கண் வைக்கிற இடத்தில் இருக்கும் வளையத்தை மட்டும் திருப்புங்கள். அவ்வளவுதான், அப்புறம் நடுச் சக்கரம் ஒன்றே போதும். கண்ணாடி போட்டவர்கள் கண் வைக்கிற இடத்து ரப்பர் விளிம்பை மடித்துவிட்டுப் பார்க்கலாம். ஆளுக்கு ஒன்று வாங்க வேண்டியதில்லை, எங்கள் ஏழு பேருக்கு இரண்டுதான். சண்டை வரும், வரட்டும்.

உடுப்பு: மண் நிறம், பச்சை, பழுப்பு. போன வருடம் மாப்பிள்ளை ஆரஞ்சு கலர் டீ-ஷர்ட்டில் வந்து நின்றார். மாப்பிள்ளையிடம் என்ன சொல்வது? எங்கள் வீட்டம்மாதான் "தம்பி, குளிருது" என்று என் பழைய காக்கிச் சட்டையை எடுத்துக் கொடுத்தாள். மல்லிப்பூ வைத்துக்கொள்ளலாம், வாத்து மோப்பம் பிடித்து ஓடுகிற பிராணி இல்லை. கொலுசைக் கழற்றிவிடுங்கள். போன் சைலன்ட்டில் இருக்கட்டும்.

பேசாமல் இருப்பது எப்படி? நான் ஹார்பரில் கிரேனுக்கு சிக்னல் காட்டி முப்பது வருடம் பிழைத்தவன். கப்பல் இரைச்சலில் வாயால் பேசி வேலை நடக்காது, எல்லாம் கைதான். அதையே பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தேன். விரலை மேலே காட்டிச் சுற்றினால் பறவை எழும்புகிறது. கீழே காட்டிச் சுற்றினால் இறங்குகிறது. மூடிய கை என்றால் அப்படியே நில். பேரனுக்கு இது வேட்டையைவிடப் பிடித்துப்போய், இப்போது வீட்டில் இட்லி போதும் என்பதற்கும் கையைத்தான் மூடிக் காட்டுகிறான்.

இனி காற்று. வாத்து எப்போதும் காற்றை எதிர்த்துத்தான் இறங்கும், விமானம் மாதிரி. அதனால் காற்று உங்கள் முதுகில் படும்படி நின்றால், இறங்குகிற கூட்டம் உங்களுக்கு முகம் காட்டிக்கொண்டு வரும். கனடாக்காரன் பொம்மை வாத்துகளை வைப்பதும் இந்தக் கணக்கில்தான். ஒரு பிடி மண்ணை எடுத்து விட்டுப் பாருங்கள், தெரிந்துவிடும். வெயிலும் முதுகுப் பக்கமே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் எல்லாப் பறவையும் கறுப்பாகத்தான் தெரியும். குளிர்காலத்துச் சூரியன் தெற்கே சாய்ந்து போகும். ஆகவே சூலூர்பேட்டை ரோட்டில் வடக்குப் பக்கத் தண்ணீரைப் பாருங்கள். அண்ணாமலைச்சேரி பக்கம் போகிறவர்கள் மேற்குக் கரையில் நிற்பார்கள், அதற்குச் சாயங்காலம்தான் சரி.

மறைவுக்கு வேனே போதும். என்ஜினை அணைத்துவிட்டுக் கண்ணாடியை இறக்குங்கள். ஆள் இறங்கினால் பறக்கிற பறவை, வண்டிக்குள்ளிருந்து பார்த்தால் சட்டை செய்யாது. ரொம்ப நேரம் பார்க்கப் போகிறீர்கள் என்றால் வண்டியை ரோட்டை விட்டு ஒதுக்கி நிறுத்துங்கள், லாரி வரும்.

எவ்வளவு கிட்டே போகலாம் என்பதைப் பறவையே சொல்லும். மேய்கிற கூட்டத்தில் ஒன்றிரண்டு தலை நிமிர்ந்திருக்கும், அது காவல். மற்றதும் ஒவ்வொன்றாகக் கழுத்தை நீட்ட ஆரம்பித்தால் மூடிய கை காட்டுங்கள். எல்லாக் கழுத்தும் குச்சி குச்சியாக நின்றுவிட்டால் நீங்கள் நின்ற இடமே தப்பு, மெதுவாகப் பின்னால் வாருங்கள். அவை மங்கோலியா, திபெத், லடாக் என்று இமயமலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து கொழுப்பை எரித்துக்கொண்டு வந்தவை. போட்டோவுக்காகக் கிளப்பிவிட்டால் மறுபடி எரிக்க வேண்டும்.

எதைத் தேடுவது? வரித்தலை வாத்து. உடம்பு சாம்பல், தலை வெள்ளை, பின்தலையில் யாரோ கரியால் இழுத்த மாதிரி இரண்டு கறுப்புக் கோடு. கால் மஞ்சள். இமயத்தைத் தாண்டும்போது 7,000 மீட்டருக்கு மேலேயும் பறப்பதைக் கருவி கட்டி அளந்திருக்கிறார்கள். நம் ஆட்கள் அன்னம் என்று பாடியது இதைத்தான் என்பவர்களும் உண்டு, எனக்கு அதை நம்பப் பிடிக்கும். பகலில் தண்ணீர் ஓரத்திலும் திட்டிலும் ஓய்வெடுக்கும், இருட்டினால் வயலுக்கு மேயப் போகும். ஆகவே ஏரி நடுவில் தேடாதீர்கள், விடியலில் புல்திட்டைப் பாருங்கள்.

உண்மையைச் சொல்ல வேண்டும். மூன்று தடவை போனதில் ஒரு தடவைதான் எங்களுக்கு அது கிடைத்தது, பதினேழு. கட்டாயம் பார்த்தே ஆக வேண்டுமென்றால் எழும்பூரில் நெல்லை எக்ஸ்பிரஸ் ஏறி, திருநெல்வேலிப் பக்கம் கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்துக்குப் போங்கள். சூலூர்பேட்டையில் அது இல்லாவிட்டாலும் பூநாரை, கூழைக்கடா, ஊசிவால் வாத்து, மண்வெட்டி மாதிரி அலகு வைத்த ஆண்டி வாத்து எல்லாம் இருக்கும். முதல் வருடம் கும்மிடிப்பூண்டி தாண்டி, அறுத்த வயலில் நூற்றுக்கணக்கில் வாத்தைப் பார்த்துப் பேத்தி, "வண்டிய நிறுத்துங்க!" என்று கத்தினாள். நிறுத்தினோம். பின்னாலேயே கோலோடு வாத்து மேய்க்கிறவர் வந்தார். "பெட்டை வாத்துங்க, முட்டை வேணுமா?"

எண்ணுவது பிள்ளைகளுக்கான வேலை. ஒவ்வொன்றாக எண்ண முடியாது. பத்தை மட்டும் எண்ணி, அது எவ்வளவு இடம் அடைக்கிறது என்று பார்த்து, அந்த அளவைக் கூட்டத்தின் மேல் வரிசையாக வைத்துக்கொண்டு போக வேண்டும். நூறு ஆனதும் ஒரு புளியங்கொட்டையை இடது பாக்கெட்டிலிருந்து வலது பாக்கெட்டுக்கு மாற்று. போன ஜனவரியில் பேத்தி பதினொரு கொட்டை பூநாரை எண்ணினாள்.

சாப்பாட்டுக்குப் புளிசாதம், அவித்த முட்டை, பிளாஸ்கில் டீ. ஏரி ரோட்டில் கடை இல்லை, கழிப்பறையும் இல்லை. பெண்கள் இருக்கிற குடும்பம் இதை முதலிலேயே யோசிக்க வேண்டும். ஹைவேயில் பெரிய ஹோட்டலிலோ சூலூர்பேட்டையிலோ முடித்துக்கொண்டு போங்கள். பெண்களைக் கேட்காமல் இந்த ஏற்பாட்டை ஆம்பளைங்க முடிவு பண்ணினால் பயணம் எட்டரை மணிக்கே முடிந்துவிடும், எங்களுக்கு முடிந்தது. ஒன்பது மணிக்கு மேல் வெயிலில் தண்ணீரிலிருந்து கானல் எழும்பி எல்லாம் ஆடும். அப்போது பைனாகுலரை மூடிவிட்டுக் கிளம்புங்கள்.

வேட்டை என்றால் கறி வேண்டாமா என்று மாப்பிள்ளை ஆரம்பித்தார். வருகிற வழியில் அந்த மேய்க்கிறவரிடமே இரண்டு வாத்து வாங்கினோம். வாத்துக்கறிக்குக் கவிச்சி ஜாஸ்தி. மஞ்சளும் கல்லுப்பும் போட்டு இரண்டு தடவை தேய்த்துக் கழுவி, மிளகைத் தாராளமாக அரைத்துவிட்டு, கோழியைவிட இரண்டு மடங்கு நேரம் வேக விட வேண்டும். கொழுப்பு மிதக்கும், அதிலேயே சின்ன வெங்காயத்தை வதக்கலாம்.

பேத்தி தட்டைத் தள்ளிவிட்டாள். காலையில் பார்த்த முகம் ஞாபகம் வருகிறதாம். சரி என்று அவளுக்கு மட்டும் முட்டைக் குழம்பு வைத்துக் கொடுத்தாள் எங்கள் வீட்டம்மா. அது வாத்து முட்டைதான். சொல்லவில்லை.